டோக்கன் ஆபீசின் முன்வாசலை மீட்டுத் தந்த பெரியநாயகி அம்மையாருக்கு

நெய்வேலி நகரியத்தின் நீள அகலத்தை நெஞ்சில் வரைந்து வைத்திருக்கும் நிகரற்ற பொறியாளரே! செங்கல்லின் சீரறிந்து, சிமெண்டின் திறமறிந்து, ஓட்டின் ஒழுகலறிந்து, ஒப்பந்தக்காரரின் ஒளிதலும் அறிந்த ஓய்வறியாப் பெருமாட்டியே! வரைபலகையில் வளையாத கோட்டுக்கும் வாய்ச்சொல்லில் வளையாத நேர்மைக்கும் வாழும் சான்றாக விளங்குபவரே! முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்து, முப்பத்தேழு ஆண்டுகள் இந்நகரியத்திற்கு உழைத்து, 2018ஆம் ஆண்டு மே மாதம் முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் கட்டடப் பிரிவுத் துணை மேலாளர் திருமதி கு. பெரியநாயகி அம்மையாரே, தங்களை வரைபடப் பிரிவும், கட்டடப் பராமரிப்புப் பிரிவும், சுரங்க அருங்காட்சியகப் பணியாளர்களும் ஒன்றுகூடி வணங்கி மகிழ்கிறோம்.

இத்தனையையும் ஒரே மூச்சில் வாசித்த நம் மணிமொழிக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும். பாராட்டு மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிரிவில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். தங்களுக்கோ புகழ்ந்தால் பிடிக்காது. யாராவது ஆரம்பித்தாலே "போதும், போய் வேலையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுவீர்கள். இன்று கழுத்தில் மாலையோடு மேடையில் உட்கார வைத்திருப்பதால் எழுந்து போக வழியில்லை. இப்படியொரு வாய்ப்பு எங்களுக்கு இனிமேல் வராது. இனி 'தாங்கள்' என்பதையும் விட்டுவிடுகிறோம். தினமும் மேடம் என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு 'நீங்கள்' என்பதே வசதி.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். மெயின் பஜார் கடையில் கண்ணாடிச் சட்டத்திற்கு அளவு கொடுத்துவிட்டு வந்துதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம். எழுத எழுத மடல் நீண்டுவிட்டது. எழுத்தைப் பொடியாக்கித்தான் சட்டத்துக்குள் அடக்க முடிந்தது. சுவரை அளக்காமல் ஜன்னல் செய்து கொண்டுவருகிறவரை நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். விழா நாளாயிற்றே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலையில் சேர்ந்த 1981இல் வரைபடப் பிரிவு எப்படி இருந்தது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாய்ந்த மேசைகள், நேர்கோடு போடும் நீண்ட டி-ஸ்கொயர்கள், அடைத்துக்கொள்ளும் மசிப்பேனாக்கள், கை வியர்வை பட்டால் சுருங்கிவிடும் டிரேசிங் தாள். நகலெடுக்கும் அறையில் அமோனியா வாடை கண்ணைக் கரிக்கும். அங்கே போய்விட்டு வருகிறவர் அழுதுவிட்டு வருகிறாரா, வேலை பார்த்துவிட்டு வருகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பிரிவுக்கு வந்த முதல் பெண் நீங்கள். மேசைகளெல்லாம் ஆண்களின் உயரத்துக்கு இருந்தன. உயரமான ஸ்டூல் கேட்டு எழுதிப் போட்டீர்கள், வரவில்லை. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து கோடு போட்டீர்கள். சேர்ந்த வாரமே கட்டட வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அன்றைய மூத்தவர்கள் கேலி செய்தார்களாம். அந்தச் செங்கற்கள் வெகுகாலம் உங்கள் மேசைக்குக் கீழேயே கிடந்தன.

பிறகு நகரியத்தில் உங்கள் கோடு படாத இடம் இல்லை என்றாயிற்று. எந்த பிளாக்கில் எந்த வகைக் குவார்ட்டர்ஸில் மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் உங்களிடம் நலம் விசாரிக்க மாட்டார்கள். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது, குளியலறைக் கதவு மழையில் உப்பிக்கொண்டது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். காய்கறிப் பையோடு நின்று பொறுமையாகக் கேட்பீர்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் கணவர் குழந்தைவேல் ஐயா, சுரங்கப் பணிமனையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு, இந்தக் குறைகேட்பு முகாம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இன்று முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். இனி காய்கறி வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் தெரிகிறது.

ஆனால் இந்த மடல் அதையெல்லாம் பற்றியது அல்ல. உங்கள் பணி விவரங்களும் பதவி விவரங்களும் சற்று முன் முறைப்படி வாசிக்கப்பட்டன. அதில் இடம்பெறாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நாங்கள் எழுதுகிறோம்.

இன்று சுரங்க அருங்காட்சியகமாக இருக்கும் அந்தப் பழைய கட்டடம், சுரங்கம் வெட்டத் தொடங்கிய காலத்தில் எழுப்பப்பட்டது. அப்போது அதற்குப் பெயர் டோக்கன் ஆபீஸ். வேலைக்கு வருகிறவர்கள் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை அங்கே வாங்கிக்கொண்டு சுரங்கப் பள்ளத்தில் இறங்குவார்கள். ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். வில்லை திரும்பி வரவில்லை என்றால் ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று தேடிப் போவார்கள். ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் சுவர், தேக்கு உத்தரம், மங்களூர் ஓடு, கடப்பைக் கல் தரை, சுவரின் உச்சியில் வரிசையாகக் காற்றுவாரிகள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மே மாத அனலில் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் மண்பானைக்குள் இறங்கியது போல இருக்கும்.

எங்களில் பலர் சிறுவயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அங்கே போனவர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பழுப்பு நிலக்கரிக் கட்டி, அதில் எந்தக் காலத்து மரத்தின் வளையமோ அப்படியே தெரியும். மண் வெட்டும் ராட்சச இயந்திரத்தின் சின்ன மாதிரி ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கினால் அதன் சக்கரம் சுற்றும். எங்கள் வகுப்பு போன அன்றெல்லாம் அது பழுதாகியிருக்கும். ஆனாலும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் வந்தோம். அப்பா வேலை பார்க்கும் இடம் இதுதான் என்று அந்தப் பொம்மைப் பள்ளத்தைக் காட்டி ஒருவருக்கொருவர் சண்டை போட்டுக்கொண்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தக் கட்டடத்தின் வாசல் ரோட்டைப் பார்த்து இருந்தது. ஊரே அப்படித்தான் நினைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நகரியத்தில் எந்த பிளாக்குக்குப் போனாலும் குவார்ட்டர்ஸ் எல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். ரூலர் வைத்துப் போட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வாசல். ரோடே போடாத காலத்தில் கட்டிய கட்டடம் எதைப் பார்த்து நின்றிருக்கும் என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு அதை முதன்முதலாக அளந்து வரைந்தவர் நீங்கள். ரோட்டுப் பக்கத்தை முன்புறம் என்று எழுதினீர்கள். பழைய பள்ளம் இருந்த பக்கத்தைப் பின்புறம் என்று எழுதினீர்கள். அந்தப் பக்கம் அப்போது இருந்த நிலையும் அப்படி. சுரங்கம் வெட்டிக்கொண்டே நகர்ந்து தூரமாகப் போய்விட்டது. பள்ளத்தை மண் போட்டு நிரப்பியதில் அந்தப் பக்கத்துத் தரையே மேடேறி, முந்திரி மண்டிக் கிடந்தது. நீளமான தாழ்வாரத்தின் வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்து, உடைந்த நாற்காலிகள் போடும் அறையாக்கியிருந்தார்கள். யார் பார்த்தாலும் பின்புறம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு வந்த வரைபடங்களெல்லாம் உங்கள் வரைபடத்தின் மேல் தாளை வைத்து எடுத்தவை. கணினி வந்தபோது நாங்கள் அதையே பார்த்து ஏற்றினோம். முப்பது ஆண்டுகள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

2011 டிசம்பர் முடிவில் 'தானே' புயல் அடித்தது. அந்த விடியற்காலையில் நகரியத்து மரங்கள் கிடந்த கோலத்தை நாம் யாரும் மறக்க மாட்டோம். எந்த ரோட்டிலும் சைக்கிள் போக வழியில்லை. டோக்கன் ஆபீசின் ஓடுகள் பாதி பறந்து, நிலக்கரிக் கட்டி வைத்திருந்த பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு உத்தரத்தையும் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு இறங்கினீர்கள். "மரம் கெட்டியா இருக்குது. தொப்பிதான் பறந்து போச்சு. அதுக்கு ஆளையே கொல்லணுமா?" என்றீர்கள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கட்டடம் பிழைத்தது. பழையதைப் பழுது பார்ப்பது, அதன் பின்புறத்தோடு ஒட்டிப் புதிய பகுதி ஒன்று கட்டுவது என்று முடிவாயிற்று. இரும்பும் கண்ணாடியுமாக, பழையதைவிட ஒரு மாடி உயரமாக நீங்கள் வரைந்து கொடுத்தீர்கள். வரைபடத்தின் மூலையில் உங்கள் கையெழுத்து இருந்தது. திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று.

2014 தொடக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். கான்கிரீட் லாரி வந்து நின்ற அந்தக் காலைப்பொழுதை அங்கே இருந்த நாங்கள் இன்றும் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. நீங்கள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மருதமுத்து மேஸ்திரி ஓடி வந்தார்.

"மேடம், கீழ ஏதோ கல்லுக் கட்டடம் தட்டுப்படுதுங்க. பழைய தண்ணித் தொட்டியாட்டம் கீது. லாரி வேற சுத்திகினே நிக்குது. ஊத்திடலாங்களா?"

லாரியின் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. இறுக ஆரம்பித்துவிட்டால் லாரிக்கே கேடு என்று ஓட்டுநர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார். நீங்கள் குழிக்குள் இறங்கி, ஒரு துடைப்பம் வாங்கி மண்ணைத் தள்ளினீர்கள். கருங்கல் ஒன்று வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. அகலமான படிக்கட்டு. ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிவாகத் தேய்ந்திருந்தது. தொட்டிக்குள் இறங்கும் படி அப்படித் தேயாது. நீங்கள் நிமிர்ந்து, அடைத்துக் கிடந்த தாழ்வாரத்தைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் செங்கல்லைச் செதுக்கி ஒரு பூ வைத்திருந்தது. அதை நாங்களும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். ரோட்டுப் பக்கத்துச் சுவரில் அப்படி ஒரு வேலைப்பாடும் கிடையாது, அங்கே இருந்தது ஜன்னலை அறுத்துச் செய்த கதவு. எந்தக் கட்டடக்காரரும் முதுகில் பூ வைக்க மாட்டார். உங்கள் முகம் மாறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"நிறுத்துங்க. ஒரு சட்டிகூட ஊத்தக் கூடாது" என்றீர்கள்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் இசக்கிமுத்து பதறிப்போனார். அவர் அன்று சொன்னதை மறைக்காமல் எழுதும்படி அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறோம். "மேடம், விழாவுக்குத் தேதி குடுத்தாச்சு. படிய மூடிட்டு மேல கட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"நமக்குத் தெரிஞ்சிபோச்சே, இசக்கி. பள்ளத்துலேருந்து ஏறி வர்றவங்களுக்குத்தானே இந்த வாசல். இத பின்புறம்னு எழுதினதே நான்தான். நான் எழுதினத நம்பி, ஒரு வூட்டோட மூஞ்சி மேல செவுரு வைக்கப் பாத்தோம். தப்பு என்னுது. நானே அடிச்சிர்றேன்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மேஸ்திரியின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, உங்கள் கையெழுத்தின் மேலேயே கோடு போட்டீர்கள். பணி நிறைவுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. மேலாளர் பதவிக்கு உங்கள் பெயர் போயிருந்தது. விழா தள்ளிப் போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

லாரியில் சுற்றிக்கொண்டிருந்த கான்கிரீட்டை வீணாக்க உங்களுக்கு மனம் வரவில்லை. பக்கத்திலிருந்த சைக்கிள் நிறுத்தத்தின் மண் தரைக்கு அதைத் திருப்பிவிட்டீர்கள். மாடிக் கட்டடம் தாங்க வேண்டிய கலவை சைக்கிள்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நகரியத்திலேயே பலமான சைக்கிள் நிறுத்தம் அதுதான், மண் வெட்டும் இயந்திரத்தையே கொண்டுவந்து நிறுத்தினாலும் அசையாது. பார்வையாளர்களிடம் இசக்கிமுத்து இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

முறைப்படி உங்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தவறு என்னுடையது, திருத்திய வரைபடத்தை இணைத்திருக்கிறேன் என்று பதில் எழுதினீர்கள். பழி போட உங்களுக்கு ஆளா இல்லை? கணினியில் ஏற்றிய நாங்கள் இருந்தோம், மண் பரிசோதனை செய்தவர்கள் இருந்தார்கள். யாரையும் இழுக்கவில்லை. அந்த ஆண்டுப் பதவி உயர்வில் உங்கள் பெயர் இல்லை, அதற்கடுத்த ஆண்டும் இல்லை. உங்களிடம் வேலை பழகிய அருண்குமார் சார் உங்களுக்கு மேலே மேலாளராக வந்தார். இன்று விழாத் தலைமை அவர்தான். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டோம். எடுத்தால் விழாவுக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பதவியேற்ற அன்று பிரிவு முழுவதற்கும் பாதுஷா வாங்கி வந்தவர் நீங்கள். நாங்கள் ஆளுக்கொரு துண்டு கிள்ளிக்கொண்டு மீதியை அப்படியே வைத்துவிட்டோம். நீங்கள்தான் மீதி இருந்ததை எல்லாம் பொட்டலம் கட்டி மருதமுத்து மேஸ்திரியின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் பணிக்காலத்தின் பொற்காலம் என்று வரைபடப் பிரிவு இன்றும் ஏங்குகிறது. கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சரக்கறையிலிருந்து பழைய சாய்வு மேசையைத் தூக்கி வரச் சொன்னீர்கள். எலி கடித்த டி-ஸ்கொயர் ஒன்றும் கிடைத்தது. பென்சிலை வைத்துக்கொண்டு நீங்கள் யோசிப்பதை நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். புதிய பகுதியைப் பள்ளத்துப் பக்கத்திலிருந்து எடுத்து வடக்கே தள்ளினீர்கள். உயரத்தைக் குறைத்தீர்கள். அதன் கூரை இப்போது பழைய கட்டடத்தின் ஓட்டு விளிம்புக்குக் கீழேதான் நிற்கிறது. பழையதைப் போலவே வளைவு வைக்கலாமே என்று யாரோ சொன்னபோது, "அது அந்தக் காலத்துப் புள்ள. இது இப்பப் பொறந்த புள்ள. ரெண்டுக்கும் ஒரே சட்டைய மாட்டாதீங்க" என்றீர்கள். நம் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த சாம்பல் நிறச் செங்கல், மெல்லிய இரும்புத் தூண்கள், இரண்டு கட்டடங்களும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க நடுவே கண்ணாடி வைத்த சிறு நடைவழி.

மேடேறிய மண்ணை எடுத்துப் படிக்கட்டை முழுவதும் வெளியே கொண்டுவந்தீர்கள். அதனால் தாழ்வாரத்துக்கு எதிரே பள்ளமான முற்றம் ஒன்று உண்டாயிற்று. இப்போது வருகிறவர்கள் சரிவில் இறங்கி முற்றத்துக்கு வந்து, பிறகு படியேறித் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் பார்த்த மாதிரியே கட்டடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வளைவுகளில் அடைத்திருந்த செங்கல்லை எடுத்த அன்று, எத்தனையோ ஆண்டுகளாக அடைபட்டிருந்த கூடத்துக்குள் மாலை வெயில் வந்து விழுந்தது. கடப்பைக் கல் தரை இவ்வளவு கறுப்பா என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போது ஒரு நாள் முற்றத்து ஓரத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் படிகளைப் பார்த்தபடி, "எங்கப்பா இங்க நின்னுதான் டோக்கன் வாங்கியிருக்காரு. சாகிற வரைக்கும் சுரங்கத்துக் கதைதான் சொல்லிகினு இருப்பாரு. எந்தப் பக்கம் நின்னு வாங்குவீங்கன்னு நானு ஒரு நாளும் கேக்கல" என்றீர்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை விளக்கத்தில் எழுதியிருந்தால் கேட்டவர்கள் மனம் இளகியிருக்குமே மேடம் என்றோம். "அது எங்க வூட்டு விஷயம். படி எல்லாருதும்" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைக்கப் போய்விட்டீர்கள். உங்களிடம் எங்களுக்குள்ள மரியாதை அதற்கு முன்பும் குறைவாக இருந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் படியில் செருப்போடு நின்று அரட்டை அடிக்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் தள்ளிப் போய், 2015 ஐப்பசியில் திறப்பு விழா நடந்தது. காலையிலிருந்தே மழை. விருந்தினர்கள் கார்களில் ரோட்டுப் பக்கம் வந்து இறங்கி, புதிய பகுதியின் வாசலில் ரிப்பன் வெட்டி, கல்வெட்டைத் திறந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மழை வலுக்கும் முன்னே புறப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மழையில் முற்றத்துப் பக்கம் யாரும் போயிருக்க முடியாது. நன்றியுரையில் உங்கள் பெயரை வாசித்தபோது கூட்டத்தில் தேடினோம், காணவில்லை. நீங்கள் முற்றத்தின் மூலையில் முழங்கால் அளவுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வடிகால் வாயில் சேரும் சருகை அள்ளிக்கொண்டிருந்தீர்கள். படிக்கட்டு மறுபடி தண்ணீரில் மூழ்கிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு. தண்ணீர் நிற்காமல் வடிந்த பிறகுதான் மேலே வந்தீர்கள். அதற்குள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. ஓய்வுபெற்ற பழைய தொழிலாளர்கள், பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வருகிறவர்கள், ரோட்டு வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போகிறார்கள். போன தையில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த பெரியவர் மகனின் கையை உதறிவிட்டு அந்தப் படியில் தனியாக ஏறினார். மேலே போய் நின்றுகொண்டு, "இப்பதான் எடம் தெரியுது. இத்தினி நாளா எங்கியோ சந்து வழியா உள்ள வுட்டுகினு இருந்தாங்க" என்றார். இசக்கிமுத்து அதைக் கேட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்து சொன்னார். யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்ட வாய் இது என்று தம் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

இந்த ஊரில் பணி நிறைவு என்றால் என்ன என்று நமக்கெல்லாம் தெரியும். இன்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பீர்கள். சில மாதங்களில் குவார்ட்டர்ஸ் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டில் வேறு யாரோ கோலம் போடுவார்கள். நாம் வைத்த மாமரத்தில் அவர்கள் காய் பறிப்பார்கள். ஊரைக் கட்டுகிறோம், பராமரிக்கிறோம், அறுபது வயதில் பெட்டி படுக்கையோடு வெளியே போகிறோம். நம்முடைய பெற்றோர் அப்படித்தான் போனார்கள், நாங்களும் ஒரு நாள் போவோம். போகிறவர்கள் என்றைக்காவது திரும்பி வந்தால் நேராக ஏறி உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். அதற்காக உங்கள் பதவி உயர்வையே விட்டுக் கொடுத்தீர்கள் என்று சொன்னால் நீங்கள் மறுப்பீர்கள். மறுத்தாலும் நாங்கள் அப்படித்தான் எண்ணுகிறோம், அதற்காகத்தான் நன்றி சொல்கிறோம்.

அன்பிற்கினிய அம்மையாரே, முத்தாண்டிக்குப்பத்தில் நீங்கள் கட்டியிருக்கும் புது வீட்டில் நோயின்றி, நொடியின்றி, ஒழுகலின்றி, ஓதமின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். முழங்கால் வலி குறைய வேண்டும். குழந்தைவேல் ஐயாவோடு பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். பேரப்பிள்ளைகள் வரையும் கோணல் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடு என்று சொல்லாதிருக்கும் பொறுமையை எல்லாம்வல்ல இறைவன் உங்களுக்கு அருள வேண்டும்.

கடைசியாக ஒன்று. பணி நிறைவு பெறுகிறவரை மாலையோடு அலுவலக வண்டியில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவது நம் வழக்கம். இன்று வண்டி நேராகக் குவார்ட்டர்ஸுக்குப் போகாது, ஓட்டுநரிடம் சொல்லிவிட்டோம். அருங்காட்சியகத்து முற்றத்தில் போய் நிற்கும். மருதமுத்து மேஸ்திரியும் இசக்கிமுத்துவும் மதியமே அங்கே போய்விட்டார்கள். திறப்பு விழா அன்று அந்த வாசலை யாரும் திறந்து வைக்கவில்லை என்ற குறை எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. படிக்கு மேலே, நடு வளைவுக்குக் குறுக்கே, ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறோம். வெள்ளித் தட்டெல்லாம் கிடையாது. கத்தரிக்கோல் நம் வரைபடப் பிரிவுடையது, கொஞ்சம் மொட்டை. பார்த்து, அவசரப்படாமல் வெட்டுங்கள் மேடம்.

உங்கள் கோட்டில் நடக்கும்,
வரைபடப் பிரிவு, கட்டடப் பராமரிப்புப் பிரிவு, சுரங்க அருங்காட்சியகத் தோழர்கள்
நெய்வேலி நகரியம்
31.05.2018